முன் இருக்கையில் அக்கா

அக்காவிடம் சொல்லாமல் ஒரு படகைப் பார்க்கப் போனேன். வேலையிடத்தில் சுகவீன லீவு சொல்லிவிட்டு, மனைவிக்கு மட்டும் விஷயத்தைத் தெரிவித்துவிட்டு, ஒரு புதன்கிழமை காலையில் வெள்ளவத்தையிலிருந்து தனியாக ஆற்றோரக் கித்துல்கலைக்குக் காரோட்டினேன். ஐம்பது வயதை எட்டப்போகிற ஒருவன் ஒரு படகுக்காக இப்படி ஒளித்துப் போவான் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

எங்களிடம் ஏற்கனவே ஒரு படகு இருந்தது. பதினாறு அடி நீளமான சிவப்புக் கனூ. தடித்த பிளாஸ்டிக்கில் செய்தது, மேல்பக்கம் திறந்தது. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக முழந்தாளிட்டு இருந்து, ஆளுக்கொரு துடுப்பால் வலிக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் பெரிய காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காது. நான் படவரைஞராக வேலை செய்யும் கம்பனிக்கு ஒரு பாலத் திட்டத்துக்காக வந்திருந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் அதைக் கொண்டுவந்திருந்தார். என்னைச் சில தடவைகள் ஆற்றுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். ஊர் திரும்பும்போது, திருப்பிக் கொண்டுபோவது வீண் வேலை, நீயே வைத்துக்கொள் என்று விட்டுப்போனார். வெள்ளவத்தை மாடிவீட்டில் பதினாறு அடிப் படகை எங்கே வைப்பது? கித்துல்கலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு ராஃப்ட் என்ற ரப்பர் படகு ஓட்டும் ஒரு சிங்களவரின் தகரக் கொட்டிலில் போட்டுவைத்தேன்.

அந்தப் படகை ஒருவர் தனியாக ஓட்ட முடியாது. மனைவிக்குக் கப்பலில் கால் வைத்தாலே தலை சுற்றும். பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு முழுக்க டியூஷன். அந்தக் காலத்தில்தான் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கவாதத்தில் படுத்த அம்மாவைக் கொட்டாஞ்சேனை வீட்டில் வைத்துப் பதினொரு வருடம் பார்த்தவர் அக்கா. அம்மா போனபிறகு அந்த வீட்டுக்குப் போனால் அக்கா கதிரையில் இருப்பார். தொலைக்காட்சி போட்டிருக்காது. ஜன்னல் திறந்திருக்காது. பேசினால் பதில் சொல்வார், பேசாவிட்டால் பேசமாட்டார். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் அவரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதற்காக மட்டும் ஆற்றுக்குக் கூட்டிப்போனேன். பாடசாலைக் காலத்தில் நன்றாக நீந்துவார். சல்வாருக்கு மேலே லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, தலையில் ஹெல்மெட்டை வைத்து, மறுபேச்சில்லாமல் முன் இருக்கையில் ஏறி முழந்தாளிட்டார்.

அதன் பிறகு மூன்று வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒவ்வொரு போயாவுக்கும், மழை குறைந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனோம். நான் விடியற்காலையில் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவரை ஏற்றுவேன். அவர் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு ஒழுங்கை முனையில் நிற்பார். வழியில் அதிகம் கதைக்க மாட்டோம். பாறைகளுக்கிடையில் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்து விழும் இடங்களுக்கு நாங்களே 'இரைச்சல்' என்று பெயர் வைத்துக்கொண்டோம். எங்கள் பகுதியில் சின்ன இரைச்சல் ஐந்து, பெரியது ஒன்று. சின்னவற்றில் இறங்கப் பழகினோம். பெரியது வந்தால் அக்கா கையை உயர்த்துவார். கரைக்கு ஒதுங்கி, படகைத் தூக்கிக்கொண்டு பாறைப் பாதையால் நடந்து, அதற்குக் கீழே மறுபடி இறங்குவோம். மூன்று வருடமும் அப்படித்தான்.

படகைத் திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. அது நான். துடுப்பை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், எங்கே பாரத்தைச் சாய்க்க வேண்டும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வேலையிடத்து மதிய இடைவேளையில்கூடப் பார்த்தேன். கை பழகப் பழக, நான் தேறிவிட்டேன் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் வந்த பிறகு அக்காவின் முதுகு என் கண்ணுக்குப் பாரமாகத் தெரியத் தொடங்கியது. நான் வலித்துக்கொண்டு போகும்போது அவர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு "பொறு" என்பார். பிறகு "வலம்." பிறகு சட்டென்று "இப்ப!" நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய இரைச்சலில் இறங்காமல் இருப்பதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்று முடிவுகட்டினேன்.

கொட்டில்காரரிடம் பெரிய இரைச்சலைப் பற்றிக் கேட்டேன். அவர் இருபது வருடமாக அந்த ஆற்றில் இருப்பவர், என்னைவிட இளையவர். சிங்கள முறைப்படி என்னை அண்ணனாக்கி அய்யே என்பார், அக்காவை அக்கே என்பார். "இந்தப் படகு அதற்குச் சரிவராது அய்யே, நீளம் கூட" என்று சிங்களத்தில் சொன்னார். ஒருவர் மட்டும் இருக்கிற, ஒன்பது அடிச் சின்னக் கனூ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னார். இந்த நாட்டில் அப்படிப்பட்ட படகு கண்ணில் படுவதே அரிது. அதன் அடிப்பாகம் வாழைப்பழம்போல வளைந்திருக்கும். நினைத்த மாத்திரத்தில் திரும்பும். அலைக்கு மேலே ஏறி, உள்ளே தண்ணீர் புகாமல் வெளியே வரும். "ஆனால் ஒன்று. பெரிய படகில் பிழை விட்டாலும் அது தன்பாட்டில் நேராகப் போய்விடும். இது போகாது."

அந்த ஒன்று என் காதில் ஏறவில்லை. இரண்டு கிழமை அந்தப் படகையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது, அதில் ஏறியிருப்பதாக நினைத்து இடுப்பைச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வந்த மனைவி கவனித்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"அது ஒராளுக்குத்தானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப அக்கா?"

"அக்கா கரையிலை இருந்து பாக்கலாம். இல்லாட்டி ராஃப்டிலை வரலாம். அங்கை எல்லாரும் அதிலைதானே போகினம்."

கொள்ளுப்பிட்டிப் பக்கமாக ஒரு ரயில் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகு மனைவி சொன்னார்: "பதினொரு வருசம் ஒரு அறைக்குள்ளை இருந்த மனுசி. வெளியிலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். இப்ப கரையிலை இருத்தப் போறியள்."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டால் வருகிற கோபம் அது. ஒருக்கா ஏறிப் பார்க்கிறதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் அந்தப் புதன்கிழமை போனேன்.

தேங்கிய தண்ணீரில் சின்னப் படகு நான் கனவு கண்டதுபோலவே இருந்தது. துடுப்பால் தொட்டாலே திரும்பியது. தொடையை இறுக்கும் வார்களைக் கட்டிக்கொண்டு, நான் நூறு தடவையாவது இறங்கியிருக்கக்கூடிய முதல் இரைச்சலுக்குப் போனேன். கொட்டில்காரர் தன் கயாக் படகில் கீழே காத்திருந்தார். உள்ளே போய் மூன்று தடவை துடுப்பு வலித்திருப்பேன். எங்கிருந்தோ வந்த தண்ணீர் படகின் பக்கத்தைப் பிடித்து இழுத்தது. கவிழ்ந்தேன். வார்களிலிருந்து கால்களை உருவி வெளியே வந்தேன். மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன். அதே இடத்தில் மறுபடி கவிழ்ந்தேன். மூன்றாம் தடவை வேகமாக வலித்தால் தாண்டிவிடலாம் என்று வலித்தேன். இரண்டாவது வளைவுவரைக்கும் போனேன். அங்கே பாறையில் மோதிக் கவிழ்ந்து, நாடி கல்லில் உரசியபடி கொஞ்சத் தூரம் இழுபட்டேன். மூக்கு வழியாகத் தண்ணீர் போய் நெற்றிக்குள் எரிந்தது.

கொட்டில்காரர் என்னைக் கரைக்கு இழுத்து, படகையும் பிடித்துக் கொண்டுவந்தார். நான் இருமி முடியும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு சிங்களத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உங்கள் கைவேலை நல்லது அய்யே. ஆனால் நீங்கள் தண்ணீரைப் பார்ப்பதேயில்லை."

"பார்க்காமலா மூன்று வருடம் ஓட்டினேன்?"

"உங்கள் படகில் பார்க்கிற ஆள் அக்கே" என்றார்.

திரும்பி வரும்போது அவிசாவளையில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினேன். தேத்தண்ணி நாடிக் காயத்தில் பட்டு எரிந்தது. பொறு, வலம், இப்ப. மூன்று வருடமாக அந்த மூன்று சொற்களைக் கேட்டுத்தான் நான் படகைத் திருப்பியிருக்கிறேன். அவர் துடுப்பை மடியில் வைத்தது களைப்பாலோ பயத்தாலோ அல்ல. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எங்கே மேலே தெரியாமல் பக்கவாட்டில் இழுக்கிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் ஓய்ந்து நிற்கிறது என்று பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, என் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காரில் ஏறிக் கதவைச் சாத்தும்போதே கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, நாடியிலை காயம்?"

"பாத்ரூமிலை வழுக்கினது."

ஒருகொடவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, அக்கா திரும்பி என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "பாத்ரூமிலை வழுக்கினால் கல்லு கீறின மாதிரி வராது."

"புதன்கிழமை கித்துல்கலைக்குப் போனனான் அக்கா. ஒராள் ஓட்டுற படகு ஒண்டு விலைக்கு நிக்குது. பாக்கப் போனனான்."

"தனியவோ?"

"ஓம்."

விளக்குப் பச்சையாகிவிட்டது. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. கடுவெல தாண்டும்வரைக்கும் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்:

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கவலைப்படுவியள் எண்டு..."

"சொல்லியிருந்தா வேண்டாமெண்டு சொல்லியிருப்பனோ?"

"இல்லை."

"ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். அது உனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் கேக்காமல் விட்டனி." குரலில் சூடு இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்னட்டைக் கேக்காமல் விட்டது இது முதல் தரமில்லைத் தம்பி."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. அம்மா விழுந்த கிழமை, வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவும் நானும் தொலைபேசியில் அரைமணித்தியாலம் கதைத்து, அக்கா வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு நிற்பது என்று முடிவெடுத்தோம். அக்காவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அவர் ஓர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தார்; ஒரு கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. முடிவை நான்தான் போய்ச் சொன்னேன். அவர் "சரி" என்றார். அந்தச் "சரி"யை நான் சம்மதம் என்று எழுதிவைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழங்களோடு போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவேன். இதைப் பற்றியெல்லாம் அவர் அதுவரை வாய்திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பிழைதான் அக்கா" என்றேன். "அதுவும் இதுவும்."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா, கேட்டுக்கொண்டார் என்பது மட்டும்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்சத் தூரம் போன பிறகு வேறு குரலில் கேட்டார்: "எவடத்திலை கவிண்டனி?"

"முதலாவதிலையே ரெண்டு தரம். பிறகு ரெண்டாவது வளைவிலை."

"முதலாவதிலை இடப்பக்கக் கல்லுக்குக் கீழை தண்ணி உள்ளுக்கு இழுக்கும். மேலை பாத்தா வழுவழுப்பாத்தான் கிடக்கும். நான் அவடத்திலை எப்பவும் பொறு எண்டு சொல்லுறனான்."

"ஓம்" என்றேன். "இப்பதான் விளங்குது."

ஹங்வெல்லவில் பெற்றோல் அடிக்க நின்றபோது அக்கா கேட்டார்: "நான் ஒருக்கா அதிலை இருந்து பாக்கட்டே?"

கொட்டில்காரர் ஏற்கனவே எதிர்பார்த்தவர்போலப் படகை இறக்கிக் கொடுத்தார். அக்காவின் முழங்கால்களுக்கு அடியில் வைத்திருந்த மெத்தையைச் சரிசெய்து, வார்களை அவர் அளவுக்கு இறுக்கினார். கவிழ்ந்தால் அதை எப்படி உருவுவது என்று மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னார். தேங்கிய தண்ணீரில் அக்கா ஒரு தடவை கவிழ்ந்தார். எழும்பி முடியைப் பிழிந்துவிட்டு மறுபடி ஏறினார். முன் இருக்கையில் மட்டும் இருந்து பழகியவருக்குப் படகைத் திருப்பத் தெரியாது. முதல் ஒரு மணித்தியாலம் வட்டம் வட்டமாகச் சுற்றினார். கொட்டில்காரர் பக்கத்தில் நின்று துடுப்பைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கரையில் நின்றேன். கரையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு முதல் இரைச்சலில் இறங்கினார். இடப்பக்கக் கல்லுக்கு மேலே துடுப்பை மடியில் வைத்தார். படகு தன்பாட்டில் மிதந்தது. நான் மனசுக்குள் "பொறு" என்று சொன்னேன். ஒரு கணம், இரண்டு கணம். பிறகு வலப்பக்கம் ஒரே ஒரு தடவை துடுப்பு வலித்தார். சின்னப் படகு கல்லின் ஓரமாக வழுக்கி, பின்னால் ஓய்ந்து நின்ற தண்ணீருக்குள் போய் நின்றது. அவர் அங்கிருந்து தலையைத் திருப்பிக் கீழே வரப்போகும் தண்ணீரைப் பார்த்தார். எங்களை அல்ல.

எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எனக்கென்று நான் நினைத்திருந்த படகு. நான் இரண்டு தடவை விழுந்த இடம். அக்கா மூன்றாவது வளைவுவரை போய், கரையேறி, படகைத் தோளில் வைத்துக்கொண்டு பாறைப் பாதையால் நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது பொறாமை எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா விழுவதற்கு முன்பு அலுவலகத்திலிருந்து வீடு வருகிற அக்காவின் நடை அது. அப்படி ஒரு நடை அவருக்கு இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன்.

"எங்கை அக்கா பழகினியள் இப்பிடிப் பாக்க?" என்று கேட்டேன். பேச முடியாமல் படுத்திருந்த ஒருவரின் முகத்தைப் பதினொரு வருடம் பார்த்ததில் வந்திருக்கும் என்று எனக்குள் ஓர் எண்ணம். அதையும் சொன்னேன்.

"சும்மா விசர்க் கதை கதையாதை" என்றார். "அம்மா வேறை, ஆறு வேறை. பாத்தாத் தெரியுது, அவ்வளவுதான்."

ஆனால் படகை வாங்குவதென்று வந்தபோது பின்வாங்கினார். இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வயசிலை எனக்கெதுக்கு? நீ வாங்கு. நீ ஆசைப்பட்டது" என்றார். நான் வேண்டாம் என்றேன். "நீ பாவம் பாத்துச் சொல்லுறாய்" என்றார்.

"இல்லை அக்கா. எனக்கு இன்னும் பெரிய படகுதான் சரி. நான் இன்னும் பாக்கப் பழகேல்லை. இதை உங்களுக்கு விட்டுத்தாறன் எண்டு சொல்லேல்லை. இது உங்களுக்குத்தான் பொருந்துது."

அவர் கையைக் கழுவிவிட்டு, கொட்டிலுக்குள் போய், அந்தப் படகின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கொட்டில்காரர் வந்து, முடிவு என்ன என்று என்னிடம் கேட்டார். வழக்கமாக எங்கள் இருவருக்குமாக நான்தான் சிங்களத்தில் பதில் சொல்வேன். அன்று, "அக்காவிடம் கேளுங்கள்" என்றேன். அவர் போய்க் கேட்டார். அக்கா குனிந்து படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் உடைந்த சிங்களத்தில், "கன்னவா" என்றார். எடுக்கிறேன்.

அடுத்த நாலு மாதமும் நான் பெரிய கனூவின் முன் இருக்கையில் இருந்தேன். பின்னால் கொட்டில்காரர் இருப்பார். நான் தண்ணீரைப் பார்த்து "பொறு" என்றும் "வலம்" என்றும் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் பிழையாகச் சொன்னேன். அவர் நான் சொன்னபடியே திருப்பிக் கொண்டுபோய்ப் பாறையில் மோதிவிட்டு, என் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். அக்கா எங்களுக்கு முன்னால் சின்னப் படகில் போய்க்கொண்டிருப்பார்.

பெரிய இரைச்சலில் இறங்கப்போவதாக அக்கா சொன்ன அன்று, மேலே பாறையில் அரைமணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு "இண்டைக்கு இல்லை" என்று படகைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த தடவையும் அப்படியே. நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை பார்த்துவிட்டு, ஹெல்மெட்டின் வாரை இறுக்கினார். கொட்டில்காரர் கயாக்கில் கீழே போய் நின்றார். தண்ணீரில் விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையோடு என்னைக் கடைசி வீழ்ச்சிக்குப் பக்கத்துப் பாறையில் நிறுத்தியிருந்தார். பையின் வாயைத் திறந்து கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே வெள்ளைக்குள் சின்னப் படகு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே எந்த இடைவெளியும் இல்லை என்று நான் நினைத்த இடத்தால் வந்தார். கடைசி வீழ்ச்சியில் படகின் முனை ஆழமாகக் குத்திப் பக்கவாட்டாகச் சரிந்தது. கவிழ்ந்துவிட்டார். நான் கயிற்றை எறிந்தேன். அது அவருக்கு எட்டடி தள்ளி விழுந்தது. இழுத்துச் சுருட்டி மறுபடி எறிவதற்குள் அவர் மேலே வந்து, ஒரு கையில் துடுப்போடு, மறுகையால் நீந்தி, ஓய்ந்த தண்ணீருக்குத் தானாகவே வந்துவிட்டார். நான் பாறைகளில் விழுந்தெழும்பி ஓடிப்போனேன்.

அக்கா ஒரு கல்லில் குனிந்து இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். கையை உயர்த்தி, பொறு என்று காட்டினார். அழுகிறாரா, தண்ணீரா என்று தெரியவில்லை. கொட்டில்காரர் படகைக் கொண்டுவந்து சேர்த்தார்.

"கடைசியிலை அவசரப்பட்டுட்டன்" என்றார் அக்கா. எழும்பி, படகின் ஒரு முனையைப் பிடித்தார். "மற்றப் பக்கத்தைப் பிடி தம்பி. இன்னொருக்காப் போறன்."

இரண்டாம் தடவை கவிழாமல் வந்தார்.

பின்னேரம் திரும்பும்போது அவிசாவளை வருவதற்குள் அவர் நித்திரையாகிவிட்டார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கினேன். கிராண்ட்பாஸ் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, அவர் வீட்டு ஒழுங்கை முனையில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். அவர் எழும்பவில்லை. எழுப்ப மனம் வரவில்லை. தேவாலயத்துக்குப் போகிற சனம் காரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு முச்சக்கரவண்டிக்காரர் வழிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். காரைக் கொஞ்சம் ஓரமாக்கி வழிவிட்டுவிட்டு, அக்கா தானாக விழிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.